வெளிநாட்டுப் படிப்பும் 28 நாள் கணக்கும்

நம் சங்கக் குடும்பங்களில் பிள்ளைகளை மேற்படிப்புக்காகக் கடல் கடந்து அனுப்பும் முயற்சி ஆண்டுக்காண்டு பெருகி வருகிறது. பிழைப்பைத் தேடித் தஞ்சையையும் நெல்லையையும் விட்டு இந்த நாகபுரிக்கு வந்தவர்களின் பேரப்பிள்ளைகள், இன்று இங்கிலாந்துப் பல்கலைக்கழகங்களின் சேர்க்கைக் கடிதத்தைக் கையில் வைத்திருக்கிறார்கள். மகிழ்ச்சிக்குரிய செய்திதான். ஆயினும் இடம் கிடைத்த பிறகு, வீசாவுக்காகப் பண அத்தாட்சி திரட்டும் வேளையில் பல வீடுகள் திகைத்து நிற்பதைக் காண்கிறோம். பணம் ஒருவாறு சேர்ந்து விடுகிறது. அதை எந்த முறையில் காட்டுவது என்பதில்தான் தடுமாற்றம். ஆதலின் இம்மாதம் அதைக் குறித்துச் சில கூற விழைகிறோம்.

முதலில் தொகை. பிரிட்டிஷ் அரசாங்கத்தின் விதிப்படி, மாணவர் முதலாண்டுக் கல்விக் கட்டணத்தில் செலுத்த வேண்டிய பாக்கியையும், அதிகபட்சம் 9 மாதங்களுக்கான வாழ்க்கைச் செலவையும் காட்டுதல் வேண்டும். 2025 நவம்பர் 11 முதல் அச்செலவு லண்டனில் படிப்போருக்கு மாதம் 1,529 பவுன்; பிற ஊர்களில் 1,171 பவுன். 9 மாதத்துக்குக் கணக்கிட்டால் முறையே 13,761 பவுனும் 10,539 பவுனும் ஆகும். இவை அவ்வப்போது மாறக்கூடியவை. விண்ணப்பிக்குமுன் அந்த அரசாங்கத்தின் வலைத்தளத்தில் ஒருமுறை சரிபார்த்துக் கொள்க. பவுனின் மதிப்பு ஏறி இறங்குமாதலால், தேவையான தொகைக்குமேல் சிறிது கூடுதலாகவே வைத்திருப்பது விவேகம்.

அடுத்தது காலம். பலர் இடறுவது இங்கேதான். அத்தொகை தொடர்ந்து 28 நாட்கள் கணக்கில் இருந்தாக வேண்டும். இடையில் ஒரே ஒரு நாள் குறைந்தாலும் எண்ணிக்கை புதிதாகத் தொடங்கும். பத்தொன்பதாம் நாள் வீட்டு வாடகைக்கென்று எடுத்துவிட்டு, இருபதாம் நாள் திரும்பப் போட்டாலும் பயனில்லை. அந்த 28 நாட்களின் கடைசி நாள், விண்ணப்பித்த நாளிலிருந்து பின்னோக்கி 31 நாட்களுக்குள் அமைதல் வேண்டும். ஆகவே வீட்டுச் செலவுக்கு ஒரு கணக்கு, படிப்புப் பணத்துக்கு வேறொரு கணக்கு என்று பிரித்து வைப்போர் நிம்மதியாக உறங்கலாம்.

மூன்றாவது, பணம் யாருடையது என்பது. நம் குடும்பங்களில் தந்தையின் சம்பளம் மட்டுமா பிள்ளையைப் படிக்க வைக்கிறது? தாய்மாமன் உண்டு, பெரியப்பா உண்டு, அத்தை உண்டு. “நான் இருக்கிறேன், கவலைப்படாதே” என்று பம்பாயிலிருந்து மாமா சொல்லுகிறார். தம் பாங்குக் கணக்கின் நகலையும் அனுப்பி வைக்கிறார். மனம் குளிர்கிறது, ஆனால் அந்த நகல் விண்ணப்பத்துக்கு உதவாது. மாணவரின் கணக்கு, பெற்றோர் அல்லது சட்டப்படியான பாதுகாவலரின் கணக்கு, மணமானவராயின் துணைவரின் கணக்கு, இவையே உறவினர் வகையில் செல்லும். மாமாவின் உதவி செல்ல வேண்டுமாயின், அப்பணம் மருமகளின் கணக்குக்கோ அவள் தந்தையின் கணக்குக்கோ வந்து சேர்ந்து, அங்கே 28 நாட்கள் தங்க வேண்டும். அது திருப்பிக் கேளாத அன்பளிப்பு என்று மாமா ஒரு கடிதமும் எழுதிக் கொடுத்தல் நலம். தாய்மாமன் தரும் அன்பளிப்புக்கு வருமான வரி கிடையாது. ஆனால் பாங்கு வழியாகவே அனுப்புக. ஒருவரிடமிருந்து ஒரே நாளில் 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெறுவதைச் சட்டம் தடை செய்கிறது.

நம்மைப் போன்ற இரயில்வே உத்தியோகஸ்தருக்குப் பெரிய சேமிப்பு பிராவிடண்ட் பண்டுதான். அதன் ஆண்டுக் கணக்குச் சீட்டை மட்டும் இணைத்துவிட்டு அமைதி கொள்ளுவோர் உண்டு. உடனே எடுக்க இயலாத பணத்தை அவர்கள் பணமாகக் கொள்ளுவதில்லை. பங்குப் பத்திரம், வீட்டுப் பத்திரம், நகை மதிப்பீடு, ஆடிட்டர் தரும் சொத்து மதிப்புச் சான்று ஆகியனவும் அப்படியே. பிள்ளைகளின் உயர்கல்விக்காகச் சேமநிதியிலிருந்து பணம் எடுக்க விதி இடம் தருகிறது. அந்த மனு மேசை மேசையாக நகர்ந்து உத்தரவாகி வரும் காலத்தை, அலுவலகத்தில் கோப்புகளோடு பழகிய நாம் நன்கு அறிவோம். அதையும் முன்கூட்டியே எண்ணிக்கொண்டு மனுச் செய்தல் வேண்டும். கல்விக் கடன் பெறுவோர், கடன் மாணவர் பெயரில் இருக்கிறதா, பாங்குக் கடிதத்தின் தேதி விண்ணப்ப நாளுக்குமுன் 6 மாதத்துக்குள் இருக்கிறதா என்று பார்த்துக் கொள்க.

இனி, வெளி மாநிலத்தில் வாழும் தமிழருக்கே உரிய ஒரு சிக்கல். தந்தையின் பணத்தைக் காட்டும்போது, தந்தைதான் என்பதற்குப் பிறப்புச் சான்றிதழும், பணத்தைப் பயன்படுத்த இசைந்த கடிதமும் வேண்டும். தலைப்பிரசவம் தாய் வீட்டில் என்பது நம் வழக்கம். ஆகவே பிள்ளை வளர்ந்தது நாகபுரியில். பிறப்புப் பதிவோ கும்பகோணத்திலோ தென்காசியிலோ இருக்கும். பழைய சான்றிதழ்கள் சில தமிழில் மட்டுமே உள்ளன. சிலவற்றில் குழந்தையின் பெயரே இராது. பெயர் சேர்க்க வேண்டுமாயின் பிறந்த ஊர்ப் பதிவாளரிடமே மனுச் செய்ய வேண்டும். அதற்குக் காலவரம்பும் உண்டு. ஆங்கிலத்தில் இல்லாத சான்றுக்கு மொழிபெயர்ப்பு வேண்டும். அதில் மொழிபெயர்ப்பாளரின் பெயர், கையொப்பம், தேதி, முகவரி, சரியான மொழிபெயர்ப்பு என்ற உறுதிமொழி ஆகியவை இடம்பெற வேண்டும். தலைப்பெழுத்தும் தொல்லை தருவதே. பாங்கில் எழுத்தளவில் நிற்கும் தந்தை பெயர் பாஸ்போர்ட்டில் முழுமையாக விரிந்திருக்கும். எல்லாத் தாள்களிலும் பெயர் ஒன்றுபோல் இருக்குமாறு முன்னரே திருத்திக் கொள்வது உத்தமம்.

இவ்வளவுக்கும் நேரமில்லை என்று கலங்கி நிற்கும் வேளையில், சில தரகர்கள் வந்து சேருவார்கள். “ஒரு மாதத்துக்குக் கணக்கில் பணம் போட்டுக் காட்டுகிறோம், வட்டி மட்டும் கொடுங்கள்” என்பார்கள். பாங்குத் தாளையே தயாரித்துத் தருவோரும் உளர். தாய்மார்களும் தந்தைமார்களும் இதற்குச் செவி சாய்க்கலாகாது. அவர்கள் பாங்கையே நேரில் கேட்டுச் சரிபார்ப்பதுண்டு. பொய்த்தாள் என்று கண்டால் விண்ணப்பம் தள்ளுபடியாவதோடு, 10 ஆண்டுகள் வரை அந்த நாட்டுக் கதவு அடைபடக்கூடும். கையொப்பமிட்டவள் இருபத்திரண்டு வயதுப் பெண். பழியை வாழ்நாளின் சிறந்த பகுதி முழுதும் சுமப்பவளும் அவளே. ஓராண்டு தாமதித்துப் போனால் கெடுவது ஓராண்டு மட்டுமே.

உதவி என்றால் கடைசி நேரத்தில், கைமாற்றாக, காகிதமின்றிக் கொடுப்பது என்று நம்மவர் பழகிவிட்டனர். “உறவுக்குள் கடிதம் எதற்கு?” என்று மனம் நோகும் மாமாக்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒன்று நினைவூட்டுவோம். கல்யாண வீட்டில் ஐந்து ரூபாய் மொய்யையும் பெயரும் ஊரும் போட்டு நோட்டில் எழுதி வைத்த சமூகம் நம்முடையது. எழுதியதால் எந்த உறவும் குறைந்ததில்லை. நம் முகத்தை ஒருபோதும் பாராத ஓர் அதிகாரி, கோப்பைப் பார்த்தே நம் வீட்டுப் பிள்ளையைப் பற்றி முடிவு செய்கிறார். மாமாவின் அன்பு அவருக்குத் தெரிய வேண்டுமானால் அது தாளில் இருந்தாக வேண்டும்.

செப்டம்பரில் வகுப்புத் தொடங்குமாயின், முந்திய தீபாவளியிலேயே குடும்பத்தார் கூடிப் பேசிவிடுக. யார் எவ்வளவு தருவது, எந்தக் கணக்கில், எந்த நாளுக்குள் என்று ஒரு தாளில் குறித்துக் கொள்க. பொங்கலுக்கு ஊருக்குப் போகிறவர்கள் பிறப்புச் சான்றிதழைக் கையோடு வாங்கி வருக. பிள்ளைகள் நல்லபடி போய்ப் படித்துத் திரும்புக என வாழ்த்துகிறோம்.