அந்த அம்மா அடித்தது தப்பா?



மாரி செல்வராஜ் எடுத்து 2024 ஆகஸ்டில் வந்த 'வாழை' படத்தை எங்கள் வீட்டில் இப்போதுதான் பார்த்தோம். செல்போனில், நாலு பேர் தலையை முட்டிக்கொண்டு. முடிந்ததும் என் நாத்தனார், "இப்படியா முடிப்பாங்க? பசியோட வந்த பிள்ளைய அடிக்கிறாளே, அவளும் ஒரு அம்மாவா? பிள்ளைகளுக்குக் காட்டாதீங்க மதினி" என்றாள். எனக்கு மனசு ஒப்பவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

பார்க்காத தோழிகளுக்காகச் சொல்கிறேன். சிவனைந்தன் என்ற பள்ளிக்கூடப் பையன் லீவு நாளில் வாழைத்தார் சுமக்கப் போகவேண்டும். சுமக்கிறவர்கள் கூலியில் ஒரு ரூபாய் கூட்டிக் கேட்டு வாங்குகிறார்கள். அந்த ஒரு ரூபாயை வியாபாரி எதில் பிடிக்கிறார் தெரியுமா? ஆட்களுக்குத் தனி வண்டி கிடையாது, தார் ஏற்றிய லாரி மேலேயே உட்கார்ந்து போங்கள் என்கிறார். லாரி கவிழ்கிறது. பையன் அன்றைக்குப் பள்ளிக்கூடத்து டான்ஸுக்குப் போயிருந்ததால் பிழைக்கிறான். அக்கா வேம்பு போய்விடுகிறாள். ஊரே அழும்போது அவன் பசி தாங்காமல் சோற்றில் கை வைக்க, அம்மா பார்த்துவிடுகிறாள்.

எங்கள் சிவகாசிப் பக்கமும் விடியுமுன்னே பஸ் வந்து பிள்ளைகளைத் தீப்பெட்டி ஆபீசுக்கு அள்ளிக்கொண்டு போன காலம் உண்டு. 1976-ல் அப்படிப் போன பஸ் ஒன்று வெள்ளத்தில் சிக்கிப் பிள்ளைகள் செத்துப்போனார்கள். 1996-ல் சுப்ரீம் கோர்ட், பிள்ளையை வேலைக்கு வைத்த முதலாளி தலைக்கு 20,000 ரூபாய் கட்டவேண்டும் என்றது. அதற்குப் பிறகும் நான் 12 வயசில் முழுப்பரீட்சை லீவில் கட்டை அடுக்கப் போனேன். ஆபீசர் வந்தால் பின்வாசல் வழியே ஓடணும். அதைச் சொல்லித்தான் வேலைக்கே சேர்த்தார்கள்.

ஒருநாள் வயிற்றுவலி என்று பொய் சொல்லிப் படுத்துவிட்டேன். அக்கா மட்டும் போனாள். மத்தியானம் தீப்பிடித்து அவளுக்கு வலது கை வெந்துபோச்சு. ஆஸ்பத்திரியிலிருந்து அம்மா துணி எடுக்க ஓடி வந்தபோது நான் பழைய சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். "உனக்கு இறங்குதாடி?" என்று கும்பாவைத் தட்டிவிட்டாள். பல வருஷம் அம்மா மேல் எனக்குக் கோபம். அக்கா இன்றைக்கும் இடது கையால்தான் கோலம் போடுகிறாள்.

அந்தப் படத்து அம்மாவுக்கு அடிக்கக் கைக்கு எட்டியது பிள்ளை ஒருத்தன்தான். ஒரு ரூபாயை மிச்சம் பிடித்தவர் எட்டவில்லை. அவளைக் கட்டிப்பிடித்து அழ வைத்திருந்தால் நாமும் கண்ணைத் துடைத்துவிட்டு உலை வைக்கப் போயிருப்போம். (டீச்சர் மேல் பையன் வைத்த பிரியத்தைக் கொஞ்சம் குறைத்திருக்கலாம். அது வேறு விஷயம்.) பிள்ளைகளுக்குக் காட்டக்கூடாது என்பதையும் நான் ஏற்கமாட்டேன். எட்டாவது படிக்கும் என் மகன் கேட்டது, "லோடு வண்டியில இப்பவும் ஆள் ஏத்துறாங்களேம்மா?"

ஊரிலிருந்து வந்திருந்த என் அம்மாவும் கூடப் பார்த்தாள். ஒன்றும் பேசவில்லை. அடுப்படிக்குப் போய் ஒரு தட்டில் சோறு போட்டு என் முன்னால் கொண்டுவந்து வைத்தாள். மணி நாலு. நான் மத்தியானமே சாப்பிட்டாச்சு. இருந்தும் சாப்பிட்டேன்.

- ஒரு வாசகி, நாரணாபுரம்.