வீட்டுக்குள் எந்த மரம்?

மும்பையில் வாழும் நம்மவர்களிடையே வீட்டுக்குள் மரம் வளர்க்கும் ஆர்வம் பெருகி வருகிறது. வரவேற்கத்தக்கதே! ஆனால் மரத்தைத் தேர்ந்தெடுக்கும் முறைதான் சரியில்லை. நர்சரியில் பார்வைக்கு அழகாக இருப்பதை வாங்குகிறார்கள். அல்லது ஊருக்குப் போய்த் திரும்பும்போது கறிவேப்பிலை, முருங்கை, வேப்பங்கன்றுகளை ஈரச் சாக்கில் சுற்றி ரயிலில் கொண்டுவருகிறார்கள். மழைக்காலம் முடிவதற்குள் கன்று இலையுதிர்ந்து குச்சியாக நிற்கிறது. உடனே, "கைராசி இல்லை" என்று வீட்டுப் பெண்களைக் குறை சொல்கிறோம். குற்றம் கையில் இல்லை, வெளிச்சத்தில் இருக்கிறது.

வேம்பும் முருங்கையும் வெட்டவெளியில் வளர வேண்டியவை. கறிவேப்பிலைக்கு நாள்தோறும் நான்கைந்து மணி நேரமாவது நேர் வெயில் வேண்டும். தாராவியிலும் சயான் கோலிவாடாவிலும் சுவரோடு சுவர் ஒட்டிய அறைகளில் வெயில் எட்டிப் பார்ப்பதே அபூர்வம். போதாததற்கு ஜூன் முதல் செப்டம்பர் வரை மேகமூட்டம் வேறு. வெயில் விழும் ஜன்னல் உள்ளவர்கள் கறிவேப்பிலையைத் தாராளமாக வளர்க்கலாம். மற்றவர்கள் நிழலைத் தாங்கும் இனங்களையே நாட வேண்டும்.

இவற்றில் முதலிடம் ரப்பர் செடிக்கு. கேரளத்தில் பால் எடுக்கும் ரப்பர் மரம் வேறு. இது நம் ஆல், அத்தி வகையைச் சேர்ந்தது. மேகாலயாவில் காசி இன மக்கள் இதன் வேர்களை ஓடைகளின் குறுக்கே வளரவிட்டுப் பாலம் அமைக்கிறார்கள். அத்தகைய மரம் ஜன்னலோரத் தொட்டியில், நுனியை அவ்வப்போது வெட்டிவிட்டால், ஆளுயரத்தில் அடங்கி நிற்கிறது! இலை ஒடிந்தால் வடியும் பால் தோலில் பட்டு அரிக்கலாம். எனவே தவழும் குழந்தை உள்ள வீட்டுக்கு அரேக்கா பனையே ஏற்றது. மடகாஸ்கர் தீவிலிருந்து வந்த இதில் நஞ்சில்லை. வெளிச்சம்தான் சற்றுக் கூடுதலாக வேண்டும். வெளிச்சம் குறைந்த அறைக்கு டிராசீனா போதும்.

அரசு, ஆலங்கன்றுகளைத் தொட்டியில் விட்டு வைக்கக் கூடாது. நாளடைவில் வேர் தொட்டியைப் பிளக்கும். அப்போது வெட்டவும் மனம் வராது; வைத்திருக்கவும் இடமிராது.

வீட்டில் ஒரு செடி இருந்தால் காற்றிலுள்ள நச்செல்லாம் நீங்கிவிடும் என்று சொல்லி விற்கிறார்கள். 1989இல் அமெரிக்காவின் நாசா நிறுவனம் மூடிய அறைப்பெட்டிகளில் செய்து பார்த்த சோதனையை இதற்கு ஆதாரம் காட்டுகிறார்கள். ஆனால் இத்தகைய பல சோதனைகளை 2019இல் சேர்த்துக் கணக்கிட்டபோது, வீட்டில் இயல்பாக நடக்கும் காற்றோட்டத்துக்கு ஈடாக வேண்டுமானால் ஒரு சதுர மீட்டருக்கு 10 முதல் 1,000 செடிகள் வரை தேவை என்று தெரிந்தது. அதைவிட ஜன்னலைத் திறந்து வைப்பது மேல். மரம் கண்ணுக்குக் குளிர்ச்சி, மனத்துக்கு ஆறுதல், அதற்காக வளர்ப்போம். பொய்யான வாக்குறுதிக்குக் காசு கொடுக்க வேண்டாம்.

இன்னொரு எச்சரிக்கை. தொட்டியின் அடியில் வைக்கும் தட்டில் தேங்கும் நீரில் டெங்குக் கொசு முட்டையிடும். ஏறத்தாழ 8 முதல் 10 நாட்களில் அது பறக்கும் கொசுவாகிவிடும். ஆகவே வாரம் ஒரு முறை தவறாமல் தட்டைக் கவிழ்த்துத் தேய்த்துக் கழுவ வேண்டும். மழைக்காலத்தில் மண்ணில் விரல் வைத்துப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டுமே தண்ணீர் ஊற்ற வேண்டும்.

வாங்கப் புறப்படுமுன் ஒரு சோதனை செய்யுங்கள். பகல் 12 மணிக்கு விளக்கை அணைத்துவிட்டு, மரம் வைக்கப்போகும் இடத்தில் செய்தித்தாள் படித்துப் பாருங்கள். எழுத்துத் தெரியாத இடத்தில் எந்த மரமும் நிலைக்காது. வேம்பும் முருங்கையும் வேண்டுமென்ற ஆசை நியாயமானதே. அதற்குக் குடியிருப்புச் சங்கத்திடம் அனுமதி கேட்டு, வளாகத்து மண்ணில் நடுவோம். அங்கே அது நான்கு வீட்டுக்கும் பயன்படும்.