இந்த காருக்கு 215 போதாதா?

2012-இல் டொயோட்டா 86 சந்தைக்கு வந்தபோது அதிகம் கேலிக்கு ஆளானது அதன் டயர்தான். 200 குதிரைத்திறன், பின்சக்கர இயக்கம், தரையோடு தாழ்ந்த கூபே உடல் என்று எல்லாம் இருந்தும், சக்கரத்தில் மாட்டியிருந்தது 215/45 ஆர்17 அளவிலான மிஷலின் பிரைமசி. சத்தம் போடாது, நீண்ட நாள் உழைக்கும், பெட்ரோலை மிச்சப்படுத்தும். குடும்ப கார்களுக்கு ஏற்ற டயர் அது. கார் பத்திரிகைகள் அதற்கு 'பிரியஸ் டயர்' என்றே பெயர் சூட்டிவிட்டன.

டொயோட்டா இங்கே காசைக் கணக்குப் பார்த்துவிட்டது என்று நினைத்தவர்கள் உண்டு. தலைமைப் பொறியாளர் டெட்சுயா டாடாவின் கணக்கு வேறு. சுமார் 1,230 கிலோ எடையுள்ள இந்த வண்டி, அசுர வேகத்துக்குப் போகாமலே வளைவில் லேசாக வழுக்க வேண்டும். பிடி எப்போது நழுவுகிறது என்பது ஓட்டுபவரின் கைக்கும் இடுப்புக்கும் தெரிய வேண்டும் என்பதே அவர் குழுவின் நோக்கம். டயரில் பிடிமானம் கூடினால் நழுவும் கட்டம் அதிக வேகத்தில் வரும். வரும்போது சட்டென்று வரும்.

இப்படிப் பார்த்துப் பார்த்து வைத்த அளவைத்தான் வாங்கியவர்கள் முதலில் மாற்றுகிறார்கள். 18 அங்குலம், 19 அங்குலம், 235, 245 என்று பட்டியல் நீள்கிறது. பக்கவாட்டில் நின்று படம் எடுத்தால் வண்டி அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த காரில் கடைசியாகக் கை வைக்க வேண்டிய விஷயம் அளவு. பிடிமானம் போதவில்லை என்றால் அதே 215/45 ஆர்17 அளவில் நல்ல கோடைக்கால ஸ்போர்ட்ஸ் டயர் போட்டாலே பிரேக்கிலும் வளைவிலும் வேறு வண்டியாகிவிடும். ரிம்மைத் தொடவே வேண்டியதில்லை.

'அகலம் கூடினால் தரையைத் தொடும் பரப்பும் கூடும்' என்பது கடைக்காரர்கள் தயங்காமல் சொல்லும் வாதம். அதில் பாதிதான் உண்மை. வண்டியின் எடையை நான்காகப் பிரித்தால் ஒரு சக்கரத்தின் மேல் 300 கிலோவுக்குச் சற்று அதிகம். 35 பிஎஸ்ஐ காற்று அடைத்த டயர் அந்த எடையைத் தாங்க ஏறத்தாழ 125 சதுர சென்டிமீட்டர் தரை போதும். டயரை அகலமாக்கினாலும் எடையும் காற்றழுத்தமும் மாறாதவரை இந்தப் பரப்பு பெரிதாக மாறாது. முன்பின்னாக நீண்டிருந்த தடம் குட்டையாகிப் பக்கவாட்டில் விரியும், அவ்வளவுதான். வளைவில் அந்த வடிவத்தால் லாபம் உண்டு, மறுப்பதற்கில்லை. மழைத் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போகும் திறன் அதே வடிவத்தால் குறையும் என்பதையும் சேர்த்துச் சொல்பவர்கள்தான் குறைவு.

அடுத்தது விட்டம். பக்கச்சுவரில் உள்ள எண்களை வைத்து யாரும் வீட்டிலேயே கணக்குப் போடலாம். 215 மில்லிமீட்டர் அகலத்தில் 45 சதவீதம் பக்கச்சுவரின் உயரம், அதாவது 96.75. மேலும் கீழும் சேர்த்து 193.5. ரிம்மின் 17 அங்குலம் 431.8 மில்லிமீட்டர். கூட்டினால் 625. தொழிற்சாலையே 2021-இல் வந்த ஜிஆர்86-க்கு 18 அங்குல ரிம் கொடுத்தபோது 215/40 அளவைத்தான் தேர்ந்தெடுத்தது. அதன் விட்டம் 629. எஞ்சின் 2.4 லிட்டராகி, சக்தி 235 குதிரைத்திறனுக்கு ஏறியது. ரப்பர் மிஷலின் பைலட் ஸ்போர்ட் 4 ஆனது. அகலம் மட்டும் 215-ஐ விட்டு நகரவில்லை. வண்டியை வடிவமைத்தவர்களே 35 குதிரைகளைக் கூட்டிவிட்டு ஒரு மில்லிமீட்டர்கூட அகலம் கூட்டவில்லை என்பது, 245 வாங்கப் போகிறவரைக் கொஞ்சம் யோசிக்க வைக்க வேண்டும்.

235/40 ஆர்18 போட்டால் விட்டம் 645-ஐத் தொடும். மூன்று சதவீதம்தானே என்று தோன்றலாம். வேகமானி 100 காட்டும்போது வண்டி முன்பைவிட 3 கிலோமீட்டர் கூடுதல் வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும். அது சின்ன விஷயம். எல்லா கியரும் அதே அளவுக்கு நீண்டுவிடுவதுதான் பெரிய விஷயம். முதல் தலைமுறை 86-இன் எஞ்சினில் 3,500 முதல் 4,500 சுற்றுகள்வரை முறுக்குவிசை தொய்வது ஓட்டியவர்கள் எல்லோருக்கும் தெரிந்த குறை. உயரமான டயர் அந்தத் தொய்வை இன்னும் நீட்டிக்கும். போதாததற்கு, பெரிய ரிம்மில் எடை மையத்தை விட்டு விலகி விளிம்பில் சேர்கிறது. சுழற்றவும் நிறுத்தவும் அதிக உழைப்பு தேவை. செலவழித்த பணத்துக்கு வண்டி மந்தமாகிறது.

எடை என்றதும் டிஇ37 நினைவுக்கு வராமல் இருக்காது. ஜப்பானின் ரேஸ் நிறுவனம் 1996-இல் வெளியிட்ட ஆறு ஆரக் கால்கள் கொண்ட ஃபோர்ஜ்டு வீல் அது. பெயரில் உள்ள 37 என்பது 15 அங்குல விட்டமும் 6 அங்குல அகலமும் கொண்ட ரிம்மின் எடை, 3.7 கிலோ. அன்று வீலுக்குப் பெருமை, எடை குறைவு என்பதாக இருந்தது. இன்று அதே வடிவத்தைக் காப்பியடித்துக் கனமான வார்ப்பில் விற்பவர்களிடம் எடையைக் கேட்டால் பதில் வருவதற்குள் டீ ஆறிவிடும்.

ரிம்மின் பின்பக்கத்தைப் பார்த்து வாங்குபவர் அரிது. எல்லாச் சங்கதியும் அங்கேதான் இருக்கிறது. 86-இன் சொந்த வீலைக் கழற்றித் திருப்பினால் அகலம் 7 அங்குலம், ஆஃப்செட் 48 என்ற எண்கள் கிடைக்கும். ஹப்பில் பதியும் முகம், ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து 48 மில்லிமீட்டர் வெளியே தள்ளி இருக்கிறது என்று பொருள். இப்போது 8 அங்குல அகலத்தில் ஆஃப்செட் 35 உள்ள வீலை மாட்டினால், அகலத்தால் 12.7 மில்லிமீட்டரும் ஆஃப்செட்டால் 13 மில்லிமீட்டருமாக வெளி விளிம்பு ஓர் அங்குலம் மட்கார்டை நோக்கி நகரும். ஆஃப்செட்டை 48-லேயே வைத்து 8.5 அங்குலம் போனால் உள்பக்கம் 19 மில்லிமீட்டர் சுருங்கும். முன்புறத்தில் ஸ்ட்ரட்டும் ஸ்பிரிங்கின் கிண்ணமும் டயருக்குப் பக்கத்திலேயே நிற்பதால் அந்த இடைவெளியை முதலில் அளக்க வேண்டும்.

நல்ல கடையில் இதைச் சோதிக்கும் விதமே தனி. டயர் ஏற்றிய ஒரே ஒரு வீலை முன்பக்கம் மாட்டி, ஜாக்கியை இறக்கி, வண்டியின் எடை முழுக்க அதன்மேல் உட்கார்ந்த பிறகு ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் கடைசிவரை திருப்புவார்கள். ஸ்ட்ரட்டுக்கும் டயருக்கும் நடுவே விரல் நுழைகிறதா என்று பார்ப்பார்கள். பிறகு மட்கார்டின் உள்ளே இருக்கும் கறுப்பு பிளாஸ்டிக்கில் டார்ச் அடித்து, பளபளவென்று தேய்ந்த கோடு விழுந்திருக்கிறதா என்று தேடுவார்கள். இதைச் செய்யாமல் நான்கையும் மாட்டிவிட்டு 'ஸ்பேசர் போட்டுக்கலாம் சார்' என்று சொல்லும் கடையிலிருந்து வண்டியைத் திருப்பிக்கொள்வது நல்லது.

நடுத்துளை இன்னொரு வில்லங்கம். 86-இன் ஹப் 56.1 மில்லிமீட்டர்; பல வெளிச்சந்தை வீல்களின் துளை 73. இடையே சரியான வளையம் போடாவிட்டால் வீல் மையத்தில் உட்காராது. ஸ்டியரிங் நடுங்கும், பேலன்சிங் செய்து செய்து பணம் கரையும். டயரின் சுமை எண்ணையும் பார்க்க வேண்டும். 87 என்றால் ஒரு டயர் 545 கிலோ தாங்கும். அளவு மாறும்போது இந்த எண் காரின் கதவுத் தூணில் ஒட்டியிருப்பதைவிடக் கீழே போகக் கூடாது. இந்தியாவில் டொயோட்டா இந்த காரை விற்பதில்லை. ஆனால் ஸ்விஃப்ட் வாங்கியவருக்கும் கதவுத் தூண் ஸ்டிக்கர்தான் முதல் பாடம்.

ஜப்பானில் இதெல்லாம் ரசனை சார்ந்த விவகாரமாக மட்டும் விடப்படவில்லை. புது காருக்கு மூன்றாம் ஆண்டிலும் பிறகு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும் ஷாகென் என்ற அரசுச் சோதனை உண்டு. 2017-இல் விதியைத் தளர்த்தி, டயரின் பக்கச்சுவர் மட்டும் 10 மில்லிமீட்டருக்குள் மட்கார்டைத் தாண்டலாம் என்றார்கள். ரிம் தாண்டக் கூடாது. அலாய் வீலில் ஜேடபிள்யூஎல் முத்திரை இருக்க வேண்டும். வளைவு, சுமை, மோதல் என மூன்று வகைச் சோதனையில் தேறிய வீலுக்குத்தான் அந்த முத்திரை.

அகலமே கூடாது என்பதல்ல வாதம். டர்போ ஏற்றியவர்களுக்கும் சர்க்யூட்டில் நேரம் பார்த்து ஓட்டுபவர்களுக்கும் 9 அங்குல ரிம்மில் 245/40 ஆர்17 நியாயமான தேர்வு. அதன் விட்டம் 628. தொழிற்சாலை அளவுக்கு மிக அருகில். அவர்கள் 17-ஐ விட்டு ஏறாததைக் கவனிக்க வேண்டும். அதற்குத் தோதாக சஸ்பென்ஷனையும் அலைன்மென்ட்டையும் மாற்றியிருப்பார்கள். பின்னால் மட்டும் அகலமான டயர் போடும் மோஸ்தர்தான் இந்த வண்டிக்குச் சற்றும் ஒவ்வாதது. நான்கும் ஒரே அளவு என்று சமநிலை பார்த்த காரில் பின்பக்கம் ஒட்டிக்கொண்டால் வளைவில் மூக்கு நேரே போகப் பார்க்கும். டயரை முன்பின் மாற்றிப் போட்டுத் தேய்மானத்தைச் சமன்செய்யும் வசதியும் போய்விடும்.

தினமும் ஓட்டுகிறவருக்கு டொயோட்டாவே ஒரு விடை வைத்திருந்தது. ஜப்பானில் விற்ற ஆர்சி என்ற மலிவு வகை, மாற்றியமைக்கும் ஆசை உள்ளவர்களுக்காகவே பம்பருக்குப் பெயின்ட்கூட அடிக்காமல் வந்தது. அதில் இருந்தது 16 அங்குல இரும்பு ரிம், 205/55 டயர். விட்டம் 632, பக்கச்சுவர் 113 மில்லிமீட்டர். குழியில் இறங்கினால் முதலில் வளைவது ரப்பர். 19 அங்குல ரிம்மில் 215/35 போட்டவரிடம் அந்த மெத்தை 75 மில்லிமீட்டர்தான்.

ரிம்மோடு சேர்த்து மலிவாக வரும் பழைய டயர் செட்டில் இன்னொரு எண் உண்டு. பக்கச்சுவரில் ஒரு பக்கம் மட்டும் நீள்வட்டக் கட்டத்துக்குள் நான்கு இலக்கங்கள் இருக்கும். 2316 என்றிருந்தால் அந்த டயர் 2016-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் தயாரானது. பள்ளம் முழுசாக இருந்தாலும் அந்த ரப்பருக்கு வயதாகிவிட்டது. விலையில் டயருக்கென்று எதுவும் கூட்டாமல், ரிம்முக்கு மட்டும் பேரம் பேசலாம்.