ஒருவருக்கு 208 ரூபாய்: எழுத்தறிவு தரும் ஆசிரியருக்குச் சம்பளம் வேண்டாமா?

பேங்க்கில் வரிசையில் நிற்கும்போது, "தம்பி, இந்தச் செலானைக் கொஞ்சம் எழுதிக் கொடுப்பா" என்று யாராவது உங்களிடம் கேட்டிருப்பார்கள். பெரும்பாலும் அது ஒரு அம்மாவாக இருந்திருக்கும். 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஆண்களின் எழுத்தறிவு 86.77 சதவீதம், பெண்களுக்கு 73.44 சதவீதம்தான். அதாவது, ஏறக்குறைய நான்கில் ஒரு பெண்ணுக்கு எழுதப் படிக்கத் தெரியாது.

அரசு என்ன செய்கிறது?

மத்திய அரசின் புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம் 2022-27 காலத்துக்கானது. 15 வயதுக்கு மேற்பட்ட 5 கோடி பேருக்கு எழுத்தறிவு தருவது இலக்கு. மத்திய, மாநிலப் பங்கு சேர்த்து ஒதுக்கீடு 1,037.90 கோடி ரூபாய். வகுத்துப் பாருங்க: ஒருவருக்குச் சுமார் 208 ரூபாய். பயிற்சி, புத்தகம், தேர்வு எல்லாம் இதுக்குள்ளதான்.

பாடம் நடத்துவது யார்? தன்னார்வலர்கள். சம்பளம் கிடையாது. முந்தைய சாக்ஷர் பாரத் திட்டத்தில் (2009-18) மையப் பொறுப்பாளருக்கு மாதம் 2,000 ரூபாயாவது மதிப்பூதியம் இருந்தது.

சொல்லிக் கொடுக்கறது அவ்வளவு கஷ்டமா?

கஷ்டம்தான். 45 வயசுக்காரருக்கு 'அ - அணில்' என்று ஆரம்பித்தால் மறுநாள் வர மாட்டார். அவருடைய பெயர், ஊர், பஸ் போர்டு, கூலிக் கணக்கு என்று தொடங்க வேண்டும். அரிவாள் பிடித்த கைக்குப் பென்சில் பிடிபட நாளாகும். பலருக்கு எழுத்து புரியாதது அல்ல, தெரியாததுதான் பிரச்சினை. தேவை ஒரு வெள்ளெழுத்துக் கண்ணாடி. நடவு, அறுப்பு சீசனில் வகுப்பு காலியாகும். "இந்த வயசுல படிச்சு கலெக்டர் ஆகப் போறியா?" என்ற கேலி வேறு. இதையெல்லாம் சமாளிப்பது தனித் திறமை. இரண்டு நாள் பயிற்சியில் அது வந்துவிடாது.

அறிவொளி இயக்கம் சம்பளம் இல்லாமதானே நடந்துச்சு?

நியாயமான கேள்வி. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில், ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்தபோது, பெண்கள் எழுத்தோடு சைக்கிளும் கற்றார்கள். கற்பித்தவர்கள் தன்னார்வலர்கள்தான். ஆனால் மாவட்ட நிர்வாகமே பின்னால் நின்றது. பாட்டு, வீதி நாடகம் என ஊரே திரண்டது. அந்த வேகம் சில வருடங்களுக்குத்தான் தாங்கும். கற்றதைப் பயன்படுத்தாவிட்டால் எழுத்து மறந்துபோகும். அலை ஓய்ந்த பிறகும் வகுப்பு நடக்க, மாதச் சம்பளம் வாங்கும் ஒருவர் ஊரில் இருக்க வேண்டும்.

என்ன செய்யலாம்?

ஒன்று, ஊராட்சிக்கு ஒரு பயிற்சி பெற்ற ஆசிரியர், மாதச் சம்பளத்துடன். தன்னார்வலர்கள் அவருக்குத் துணையாக இருக்கட்டும். இரண்டு, வகுப்பு தொடங்கும் முன் கண் பரிசோதனை. மூன்று, 150 மதிப்பெண் தேர்வோடு முடித்துவிடாமல் அடுத்த நிலை வகுப்பு. ஏடிஎம், யுபிஐ, மருந்துச் சீட்டு எல்லாம் அங்கேதான் வர வேண்டும்.

குழந்தைக்கு அ, ஆ சொல்லித் தருபவருக்குச் சம்பளம் கொடுக்கிறோம். அந்தக் குழந்தையின் பாட்டிக்குச் சொல்லித் தருபவரிடம் மட்டும் சேவை மனப்பான்மையை எதிர்பார்க்கிறோம். இது சரியில்லை.