பக்கத்து வீட்டு லினக்ஸ்



2025 அக்டோபர் 14-ம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு வழக்கமாக வந்துகொண்டிருந்த இலவசப் பாதுகாப்பு அப்டேட் நின்றுபோனது. அதன் பிறகு நம் அலுவலகத்துக்கு வரும் கடிதங்களில் ஒரே கேள்வி வேறு வேறு கையெழுத்தில் வந்துகொண்டிருக்கிறது. மறைமலை நகரிலிருந்து ஒரு தந்தை, திருக்கழுக்குன்றத்திலிருந்து ஒரு கல்லூரி மாணவி, கல்பாக்கம் பக்கத்திலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்: “லேப்டாப் நன்றாகத்தான் ஓடுகிறது. ஆனால் விண்டோஸ் 11 இதில் ஏறாது என்கிறது. லினக்ஸ் போட்டுக்கொள்ளலாம் என்கிறார்கள். எந்த லினக்ஸ் போடுவது?”

விண்டோஸ் 11 கேட்கும் டி.பி.எம். 2.0 பாதுகாப்புச் சில்லோ, ஏறக்குறைய 2018-க்குப் பிந்தைய ப்ராசசரோ இல்லாத மெஷின்களுக்கு இந்தச் சிக்கல். கீபோர்டும் திரையும் நன்றாக இருக்கும் ஒரு லேப்டாப்பைப் பழைய சாமான்காரரிடம் போட யாருக்குத்தான் மனம் வரும்?

ஒரு வரியில் பதில் வேண்டும் என்பவர்களுக்கு: லினக்ஸ் மின்ட். அதை எழுதிவிட்டு இந்தப் பக்கத்தை முடித்திருக்கலாம். ஆனால் நம் மாவட்டத்துக்கு லினக்ஸோடு ஒரு பழைய உறவு இருக்கிறது. அதைப் பேசினால்தான் முழுப் பதில் கிடைக்கும்.

குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகத்தில் அண்ணா பல்கலைக்கழகத்தின் ஏ.யு.-கே.பி.சி. ஆராய்ச்சி மையம் இருக்கிறது. இந்த மையமும் சென்னை சி-டாக் நிறுவனமும் சேர்ந்து, மத்திய அரசின் ஆதரவோடு, 2005-ல் யாரும் எடுத்து மாற்றிப் பகிரக்கூடிய கட்டற்ற மென்பொருளுக்கான தேசிய வள மையத்தை நடத்தத் தொடங்கின. அந்த முயற்சியில் பிறந்து, சி-டாக் மூலம் 2007-ல் வெளிவந்ததுதான் ‘பாஸ்’ லினக்ஸ். டெபியன் என்ற உலகளாவிய லினக்ஸை அடித்தளமாகக் கொண்டு, தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளில் மெனுவும் தட்டச்சு வசதியும் சேர்த்து உருவாக்கப்பட்டது. 2011 செப்டம்பரில் தமிழக அரசின் இலவச லேப்டாப் திட்டம் தொடங்கியபோது, பவர் பட்டனை அழுத்திய பிள்ளைகளின் திரையில் இரண்டு பெயர்கள் வந்து நின்றன. ஒன்று விண்டோஸ், இன்னொன்று பாஸ்.

பிறகு நடந்தது ஊரறிந்த கதை. பல வீடுகளில் பாஸ் ஒருமுறைகூடத் திறக்கப்படவில்லை. லேப்டாப் சர்வீஸ் கடைக்குப் போனது. கடைக்காரத் தம்பி பாஸைத் துடைத்துவிட்டு, உரிமம் இல்லாத விண்டோஸை ஏற்றி, படமும் பாட்டும் நிரப்பிக் கொடுத்தார். அவரைக் குறை சொல்லி என்ன? பாஸில் ஒரு பிள்ளை தடுமாறினால் கைகொடுக்க வீட்டிலும் ஆளில்லை, பள்ளியிலும் ஆளில்லை, கடைத்தெருவிலும் ஆளில்லை. அதற்கு முன்பே கேரளத்தில் ஐ.டி. அட் ஸ்கூல் திட்டம், பள்ளிகளில் கட்டற்ற மென்பொருளைக் கொண்டுவந்தபோது, ஆசிரியர்களைப் பெருமளவில் பயிற்றுவித்து, பாடப்புத்தகத்தையும் தேர்வையும் அதற்கேற்ப மாற்றியது. அங்கே லினக்ஸ் வேரூன்றியது. நாம் பெட்டியைக் கொடுத்தோம்; பக்கத்தில் உட்கார ஆளைக் கொடுக்கவில்லை.

அதனால்தான் சொல்கிறேன்: எந்த லினக்ஸ் என்று கேட்பதற்கு முன், உங்களுக்குத் தெரிந்தவர்களில் யாரிடம் லினக்ஸ் இருக்கிறது என்று விசாரியுங்கள். கட்டாங்குளத்தூரில் படிக்கும் பக்கத்து வீட்டு அக்கா, சிறுசேரியில் வேலைக்குப் போகும் சித்தப்பா மகன், பள்ளிக் கணினி ஆசிரியர் என்று யாராவது ஒருவர் இருப்பார். அவர் உபுண்டு என்ற லினக்ஸை வைத்திருந்தால் நீங்களும் உபுண்டு போடுங்கள். மின்ட் என்றால் மின்ட். உங்கள் திரையும் அவர் திரையும் ஒன்றாக இருந்தால், போனிலேயே “இடது பக்கம் கீழே பார், பச்சையாக ஒன்று இருக்கும், அதை அழுத்து” என்று சொல்லிவிட முடியும். தொடங்கும் முதல் மாதத்தில் அதைவிடப் பெரிய வசதி எதுவும் இல்லை.

அப்படி ஒருவரும் இல்லை என்றால், மின்ட். காரணம் சொல்கிறேன். உபுண்டுவை அடித்தளமாகக் கொண்டது என்பதால், உபுண்டுவுக்காக உலகம் எழுதிவைத்த தீர்வுகளில் பெரும்பாலானவை இதற்கும் பொருந்தும். கீழே பட்டை, இடது மூலையில் மெனு என்று விண்டோஸ் பழகிய கைக்கு அந்நியமாகத் தெரியாது. லிப்ரே ஆஃபீஸும் ஃபயர்பாக்ஸும் கூடவே வந்துவிடும். மின்ட் 22 வரிசைக்கு 2029 ஏப்ரல் வரை பாதுகாப்பு அப்டேட் உண்டு. ராம் 4 ஜி.பி. அல்லது அதற்கு மேல் இருந்தால் சின்னமன் பதிப்பு. அதற்குக் கீழே என்றால் எக்ஸ்.எஃப்.சி.இ. பதிப்பு. ஆர்ச், ஜென்டூ என்று நண்பர்கள் ஆசைகாட்டுவார்கள். அவை நல்லவைதான், ஒரு வருஷம் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம்.

லினக்ஸில் எனக்குப் பிடித்த விஷயம், ஏற்றாமலே ஓட்டிப் பார்க்கலாம் என்பது. 8 ஜி.பி. பென் டிரைவ் ஒன்று போதும். மின்ட் தளத்திலிருந்து ஐ.எஸ்.ஓ. கோப்பை டவுன்லோடு செய்து, ரூஃபஸ் அல்லது எட்சர் என்ற மென்பொருளைக் கொண்டு பென் டிரைவில் எழுதுங்கள். அதிலிருந்த பழைய கோப்புகள் அழிந்துவிடும், முன்கூட்டியே எடுத்து வையுங்கள். லேப்டாப்பை அணைத்து, பென் டிரைவைச் செருகி, ஆன் செய்ததும் எஃப்12 அல்லது எஃப்9 அல்லது எஸ்கேப்பை அழுத்தினால் எதிலிருந்து தொடங்குவது என்ற பட்டியல் வரும். மெஷினுக்கு மெஷின் இந்த விசை மாறும். இப்போது ஹார்டு டிஸ்க்கைத் தொடாமலே மின்ட் ஓடும்.

அந்த நிலையில் அவசரப்படாமல் நாலைந்து விஷயங்களைச் சோதியுங்கள். வைஃபை பிடிக்கிறதா? சத்தம் வருகிறதா? கேமரா, டச்பேட் வேலை செய்கின்றனவா? மூடித் திறந்தால் விழித்துக்கொள்கிறதா? பிரிண்டர் இருந்தால் அதையும் மாட்டிப் பாருங்கள். நம்மூர் ஜெராக்ஸ் கடைகளில் இருக்கும் லேசர் பிரிண்டர்களில் சில லினக்ஸோடு லேசில் ஒத்துப்போவதில்லை. வைஃபை மட்டும் வரவில்லை என்றால் கவலை வேண்டாம். ஆண்ட்ராய்டு போனை யு.எஸ்.பி. கேபிளில் மாட்டி, டெதரிங்கை ஆன் செய்தால் பெரும்பாலும் இணையம் வந்துவிடும். பிறகு டிரைவர் மேனேஜரைத் திறந்தால் வைஃபைக்கு வேண்டியதை அதுவே தேடித் தரும்.

எல்லாம் சரி என்றால் நிறுவலாம். வழியில் ஒரே ஒரு திரையில் மட்டும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிதானமாகப் படியுங்கள். விண்டோஸின் பக்கத்திலேயே நிறுவவா, டிஸ்க் முழுவதையும் அழித்துவிட்டு நிறுவவா என்று கேட்கும் திரை அது. இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தால் கல்யாண ஆல்பமும் போய்விடும், கணக்கு வழக்கும் போய்விடும். முதலாவதைத் தேர்ந்தெடுப்பவரும் கோப்புகளை வெளி டிஸ்க்கில் பிரதி எடுத்துவிட்டே உட்கார வேண்டும். விண்டோஸில் டிஸ்க்கைப் பூட்டும் பிட்லாக்கர் ஆனாகியிருந்தால் அதன் மீட்புச் சாவியைக் காகிதத்தில் எழுதி வைத்துக்கொள்வது நல்லது.

அடுத்த கேள்வி, சாஃப்ட்வேர் எங்கே கிடைக்கும் என்பது. இதற்கு மாமல்லபுரத்தையே துணைக்கு அழைக்கிறேன். 2022 ஜூலை, ஆகஸ்டில் பூஞ்சேரியில் 44-வது செஸ் ஒலிம்பியாட் நடந்தது நினைவிருக்கும். அந்தப் போட்டிகளைத் திரையில் பார்த்தவர்கள், பலகையின் ஓரத்தில் யார் கை ஓங்கியிருக்கிறது என்று ஏறி இறங்கும் வெள்ளைக் கறுப்புப் பட்டையையும் பார்த்திருப்பீர்கள். அப்படிக் கணிப்பதற்கு உலகெங்கும் பயன்படும் முன்னணி எஞ்சின், ஸ்டாக்ஃபிஷ். 2008-ல் வெளிவந்த கட்டற்ற மென்பொருள். கிராண்ட் மாஸ்டர் பயன்படுத்துவதும், மதுராந்தகத்தில் ஏழாம் வகுப்புப் பிள்ளை இலவசமாக இறக்கிக்கொள்வதும் ஒன்றேதான்.

அதை நிறுவிப் பார்ப்போம். விண்டோஸில் கூகுளில் தேடி, ஏதோ ஒரு தளத்தில் பச்சை டவுன்லோடு பட்டனை அழுத்தி, கூடவே வேண்டாத நாலு சரக்கையும் இறக்கிக்கொண்டு பழகியவர்கள் நாம். லினக்ஸில் அந்தப் பழக்கத்தை விட வேண்டும். கூட்டுறவுப் பண்டகசாலை மாதிரி, ஒவ்வொரு லினக்ஸுக்கும் சரிபார்த்து முத்திரை வைத்த சரக்குகளின் களஞ்சியம் ஒன்று உண்டு. மெனுவில் ‘சாஃப்ட்வேர் மேனேஜர்’ என்பதைத் திறந்து பெயரைத் தேடி, இன்ஸ்டால் பட்டனை அழுத்தி, கடவுச்சொல்லைக் கொடுத்தால் வேலை முடிந்தது.

கட்டளையை எழுதி இயக்கும் டெர்மினலில் செய்ய ஆசைப்படுபவர்களுக்கு ஒரே வரி: சுடோ ஏ.பி.டி. இன்ஸ்டால் ஸ்டாக்ஃபிஷ் (sudo apt install stockfish). எல்லாம் ஆங்கிலச் சின்ன எழுத்தில் இருக்க வேண்டும். ஸ்டாக்ஃபிஷின் முதல் எழுத்தைப் பெரிதாக அடித்தால் அப்படி ஒரு பொதியே (பேக்கேஜ்) இல்லை என்று கைவிரிக்கும். கடவுச்சொல் கேட்கும்போது நீங்கள் அடிப்பது திரையில் நட்சத்திரமாகக்கூடத் தெரியாமல் போகலாம். கீபோர்டு செத்துவிட்டதோ என்று புதியவர்கள் பதறும் இடம் இதுதான். அது பாதுகாப்புக்கான ஏற்பாடு. அடித்து முடித்து என்டரைத் தட்டுங்கள்.

நிறுவிவிட்டு மெனுவில் தேடினால் ஸ்டாக்ஃபிஷைக் காணோம்! ஏனென்றால் அது வெறும் மூளை. அதற்குப் பலகை கிடையாது. பலகை வேண்டுமென்றால் ‘க்னோம் செஸ்’ என்பதையும் களஞ்சியத்திலிருந்து இறக்குங்கள். புதிய ஆட்டம் தொடங்கும்போது எதிராளிகளின் பட்டியலில் ஸ்டாக்ஃபிஷ் வந்து நிற்கும். சின்னச் சின்னப் பொதிகள் ஒன்றையொன்று நம்பி இயங்குவதுதான் லினக்ஸின் கட்டுமானம். ஒன்றை நிறுவினால் அதற்குத் தேவையான மற்றவற்றைக் களஞ்சியமே சேர்த்துக் கொண்டுவரும். இந்தப் பாடத்தைச் சதுரங்கப் பலகையில் கற்றவருக்கு மற்றதெல்லாம் எளிது.

சில மென்பொருள்களுக்கு ‘ஃபிளாட்பேக்’ என்று இன்னொரு வடிவமும் தெரியும். அளவில் பெரியது, பெரும்பாலும் பதிப்பில் புதியது. முதலில் வழக்கமான பொதியையே எடுங்கள். புதிய வசதி வேண்டுமென்றால் மட்டும் மற்றது. மாமல்லபுரம் அரசு சிற்பக் கல்லூரிப் பிள்ளைகள் வரைகோட்டுக்கு இங்க்ஸ்கேப்பையும் முப்பரிமாணத்துக்கு பிளெண்டரையும் தேடினால், இரண்டுமே இப்படி இரு வடிவிலும் கிடைக்கும். தமிழில் தட்டச்சு செய்ய ஐபஸ் எம்17என் என்ற பொதியை நிறுவினால் தமிழ்99 விசைப்பலகையைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம்.

இரண்டு எச்சரிக்கைகள். முன்பின் தெரியாத ஒருவர் சொன்னார் என்று ‘சுடோ’வில் தொடங்கும் வரியை அப்படியே ஒட்டாதீர்கள், அந்தச் சொல்லுக்கு உங்கள் மெஷினின் சாவிக்கொத்தே கட்டுப்படும். அடுத்தது, டவுன்லோடு செய்த ஐ.எஸ்.ஓ.வின் செக்சம் எண்ணை (கோப்பு மாறாமல் வந்ததா என்று காட்டும் எண்) மின்ட் வெளியிட்ட எண்ணோடு ஒப்பிடத் தவறாதீர்கள். 2016 பிப்ரவரியில் மின்ட்டின் தளத்துக்குள்ளேயே திருடர்கள் புகுந்து, டவுன்லோடு இணைப்பை நச்சுக் கோப்புக்குத் திருப்பிவிட்டார்கள். மின்ட் குழுவினர் மறைக்காமல் உடனே ஊருக்குச் சொன்னார்கள். சரியான எண்ணோடு ஒப்பிட்டால்தான் இப்படி மாற்றிய கோப்பு பிடிபடும்.

லினக்ஸ் எல்லோருக்கும் ஒத்துவரும் என்று நான் சொல்ல மாட்டேன். டேலியில் கணக்கு எழுதுபவர், போட்டோஷாப்பில் பிழைப்பவர், பேஜ்மேக்கரில் பக்கம் கட்டும் அச்சகத்தார் விண்டோஸைப் பக்கத்திலேயே வைத்துக்கொள்வது நல்லது. படிக்க, எழுத, வங்கிக் கணக்குப் பார்க்க, யூடியூபில் பாடம் கேட்க, நிரல் எழுதிப் பழக லினக்ஸ் தாராளமாகப் போதும்.

உங்கள் தெருவில் ஒருவரும் இல்லை என்றாலும் நம் வட்டாரத்தில் இருக்கிறார்கள். காஞ்சி லினக்ஸ் பயனர் குழுவினர் இணையவழியாகக் கூடித் தமிழிலேயே பேசுகிறார்கள். முதல் கேள்வி கேட்பவரை யாரும் ஏளனம் செய்வதில்லை. விழுப்புரம் லினக்ஸ் பயனர் குழு கிராமப்புற மாணவர்களுக்குப் பயிற்சியே நடத்துகிறது. சென்னையில் 1990-களின் பிற்பகுதியிலிருந்து ஒரு குழு இயங்குகிறது. 2012 முதல் ‘கணியம்’ மின்னிதழ் இந்த விஷயங்களைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறது.

நம் பங்குக்கு நாமும் ஒன்று செய்யலாம். லினக்ஸ் போட்டுப் பார்த்த வாசகர்கள் நான்கு வரி எழுதி அனுப்புங்கள்: எந்த ஊர், எந்த மாடல் லேப்டாப், எவ்வளவு ராம், எது வேலை செய்தது, எது செய்யவில்லை. வெற்றிக் கதை மட்டும் வேண்டும் என்றில்லை. “பிரிண்டர் வரவே இல்லை” என்ற வரியும் அடுத்தவருக்கு ஓர் உதவி. அவற்றை ஊர்வாரியாகத் தொகுத்து வெளியிடுகிறோம். செய்யூர்க்காரர் மாடல் பெயரைப் பார்த்துவிட்டுத் தைரியமாகத் தொடங்குவார். அடுத்தவருக்குச் சொல்லித் தரச் சம்மதிப்பவர்கள் அதையும் ஒரு வரி குறிப்பிடுங்கள். 2011-ல் லேப்டாப்போடு வராத ஆட்களை இப்போதாவது சேர்த்துவிடுவோம்.

அன்புடன்,
ஆசிரியர்