மண்டபத்தின் சாவி யார் கையில்?



நமது தோட்டங்கள் பலவற்றில் ஒரு மண்டபம் இருக்கிறது. வாக்களிப்பு நாளன்று திறப்பார்கள். கல்யாணத்துக்கும் கருமாதிக்கும் திறப்பார்கள். பெரிய மனிதர் எவராவது வந்தால் பூமாலையோடு திறப்பார்கள். மற்ற நாட்களில் பூட்டுத் தொங்கும். பாடசாலை விட்டு வரும் பையன்கள் மதகுக் கட்டையிலும் கடை வாசலிலும் உட்கார்ந்திருப்பார்கள். பெண்பிள்ளைகளுக்கு அந்த மதகுக் கட்டையும் இல்லை. லயக் காம்பராவுக்குள்ளேயே அவர்கள் பொழுது போய்விடுகிறது.

வீட்டுத் திட்டம் வரும் இடங்களில் இளைஞர் நிலையம், சனசமூக மண்டபம் என்ற பேச்சும் கூடவே வருகிறது. எங்கே கட்டுவது, எப்படிக் கட்டுவது என்பதைப் பெரியவர்களாகிய நாமே பேசி முடித்துவிடுகிறோம். 13 முதல் 19 வயது வரையான பிள்ளைகளிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை. கேட்டே ஆகவேண்டும் என்பதுதான் இம்மாதம் நாம் சொல்ல வருவது.

இதில் நமக்குப் பாடமாக இருப்பது யாழ்ப்பாணக் குடாநாடு. வடக்கு நமக்கு அந்நியமல்ல. 1977, 1983 வன்செயல்களில் அடித்து விரட்டப்பட்ட நம்மவர்கள் பலர் வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் குடியேறினார்கள். இன்று நம் பிள்ளைகள் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் படிக்கிறார்கள். லீவில் வீடு வரும் பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள். அங்கே ஊருக்கு ஊர், குறிச்சிக்குக் குறிச்சி சனசமூக நிலையம் இருப்பதைச் சொல்வார்கள்.

பெரும்பாலும் அது ஒரு சிறிய கட்டடம்தான். வாங்கும் மேசையும் போட்டு அன்றன்றைய பத்திரிகைகளை வைத்திருப்பார்கள். பக்கத்தில் கரப்பந்தாட்ட மைதானம் இருக்கும். சில இடங்களில் காலையில் முன்பள்ளியும் நடக்கும். ஊரார் அங்கத்துவப் பணம் கட்டித் தலைவர், செயலாளர், பொருளாளரைத் தெரிவு செய்வார்கள். பிரதேச சபையில் பதிவு இருக்கும். காணியை ஊரவர் ஒருவர் எழுதிக் கொடுத்திருப்பார்; சுவரைச் சிரமதானத்தில் எழுப்பியிருப்பார்கள். 1995இல் வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்து போய்த் திரும்பியபோது, இடிந்து கிடந்த நிலையங்களைப் பல ஊர்களில் சனங்களே மறுபடி தூக்கி நிறுத்தினார்கள். தாங்கள் கட்டியது என்ற உரித்து இருந்தபடியால்தான் அது முடிந்தது.

அங்கே இளையவர்கள் பொதுக் காரியத்தில் இறங்கியதற்கு நூறு வருட வரலாறு உண்டு. 1924இல் யாழ்ப்பாண மாணவர் காங்கிரஸ் தொடங்கியது. ஹன்டி பேரின்பநாயகம் போன்ற இளம் ஆசிரியர்களும் மாணவர்களும் சேர்ந்து நடத்திய அமைப்பு அது. பாடசாலைகளில் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் ஒரே வாங்கில் அமரவும் ஒரே பந்தியில் உண்ணவும் வேண்டும் என்று குரல் கொடுத்தார்கள். 1927 நவம்பரில் காந்தியை யாழ்ப்பாணத்தில் வரவேற்றார்கள். யாழ்ப்பாண நூலகமும் அரண்மனையாகத் தொடங்கியதல்ல. க. மு. செல்லப்பா தம் வீட்டில் ஆரம்பித்த முயற்சி, 1934இல் ஒரு வாடகை அறையில் 844 புத்தகங்களோடு நூலகமானது. பெரிய கட்டடம் திறக்கப்பட்டது 1959இல். 1981இல் அதைக் கொளுத்தியபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் எரிந்தன. அதுவும் பின்னர் மீண்டும் எழுந்து நின்றது.

இதையெல்லாம் சொல்லும்போது குறையையும் மறைக்கக்கூடாது. ஒரே ஊரில் சாதிக்கொரு நிலையமாகப் பிரிந்து கிடந்த இடங்கள் அங்கே உண்டு. ஆண்கள் மட்டும் கூடி, பெண்பிள்ளைகள் வாசலே மிதிக்காத வாசிகசாலைகளும் உண்டு. யாரைக் கேட்டுக் கட்டினோமோ அவர்களுக்குத்தான் கதவு திறக்கும். பெண்பிள்ளைகளைக் கேட்டிருந்தால் வெளிச்சம், உள்ளே தாழ்ப்பாள் உள்ள மலசலகூடம், ஆறு மணிக்கு முன் தனி நேரம் என்று முதலிலேயே சொல்லியிருப்பார்கள்.

இன்னொரு காரியம் நீடித்து நிற்பது. குடாநாட்டில் வருடம் முழுதும் ஓடும் ஆறு கிடையாது. சுண்ணாம்புக் கல்லுக்குள் ஊறி நிற்கும் மழைநீரே கிணற்றுத் தண்ணீர். பெருமழை ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் பெய்து ஓய்ந்துவிடும். மலசலகூடக் குழியைக் கிணற்றுக்கு அருகே வெட்டினால் குடிநீர் கெடும். ஆகவே அங்கே ஒரு நிலையம் கட்டுபவர் கூரைத் தண்ணீரைப் பிடிக்கும் தொட்டியையும், குழிக்கும் கிணற்றுக்கும் உள்ள தூரத்தையும், நிழல் தரும் மரத்தையும் முதலில் யோசிக்க வேண்டும். இது பிள்ளைகளுக்கு எட்டாத கணக்கல்ல. ஒரு சதுர மீற்றர் கூரையில் ஒரு மில்லிமீற்றர் மழை பெய்தால் ஒரு லீற்றர் தண்ணீர். 100 சதுர மீற்றர் கூரையில் 10 மில்லிமீற்றர் பெய்தால் 1,000 லீற்றர். பத்தாம் வகுப்புப் பிள்ளை இதைப் போட்டுக் காட்டுவாள்.

மலையில் நம் கவலை வேறு. மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29 காலையில் மண் சரிந்து லயங்களை மூடியதை நாம் மறக்கவில்லை. எந்தச் சரிவில் மழைக்குப் புது ஊற்றுக் கிளம்புகிறது, எந்தப் படிக்கட்டு வெடிக்கிறது என்பதை அன்றாடம் ஏறி இறங்கும் பிள்ளைகள் அறிவார்கள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அனுமதி கட்டாயம் வேண்டும். அதற்கு முன் பிள்ளைகள் வரைந்த தோட்டப் படமும் மேசையில் இருக்கட்டும்.

சம்பளப் பிரச்சினையே தீராதபோது மண்டபம் எதற்கு என்று சில தோழர்கள் கேட்கலாம். சம்பளப் போராட்டத்தை நாம் விடப்போவதில்லை. ஆனால் கூடிப் பேசவும் கணக்கு எழுதவும் கூட்டம் நடத்தவும் நம் பிள்ளைகள் பழகும் இடம் வேறு எங்கே இருக்கிறது? நாளைய தோட்டத் தலைவரும் தலைவியும் அங்கிருந்துதான் வரவேண்டும். தோட்டங்களுக்குப் பிரதேச சபைப் பணத்தைச் செலவிடத் தடையாக இருந்த 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின் 33ஆம் பிரிவு 2018இல் திருத்தப்பட்டது. சபையிடம் கேட்க நமக்கு வழி திறந்திருக்கிறது.

பிள்ளைகளைக் கேட்பது நாம் காட்டும் தயவல்ல. இலங்கை 1991இல் ஏற்றுக்கொண்ட சிறுவர் உரிமைகள் சமவாயத்தின் 12ஆம் உறுப்புரை, தம்மைப் பாதிக்கும் விடயத்தில் கருத்துச் சொல்ல அவர்களுக்கு உரிமை தருகிறது. 1992இல் ரொஜர் ஹார்ட் என்பவர் யுனிசெப் வெளியீடு ஒன்றில் பிள்ளைகளின் பங்கேற்பை எட்டுப் படி ஏணியாக விளக்கினார். கீழ் மூன்று படிகளும் பங்கேற்பே அல்ல என்றார். மேடையில் அலங்காரத்துக்கு நிறுத்துவது அதில் ஒன்று. ஆலாத்தித் தட்டைக் கையில் கொடுத்து வாசலில் நிறுத்திவிட்டு, இளைஞர்களையும் சேர்த்துக்கொண்டோம் என்று நாம் சொல்ல முடியாது.

ஆகவே தோட்டக் கமிட்டிகளுக்கும் மாதர் சங்கங்களுக்கும் நாம் முன்வைக்கும் வேண்டுகோள் நான்கு.

மண்டபம் பற்றிய எந்தக் குழுவிலும் பாதிப்பேர் இருபது வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களாக இருக்கட்டும். அவர்களில் பாதி பெண்பிள்ளைகளாக இருக்கட்டும். மேல் லயம், கீழ் லயம், கோயில் பக்கம் என்று எல்லாப் பக்கத்துப் பிள்ளைகளும் வரட்டும்.

உத்தியோகத்தர் வரைபடம் போடுவதற்கு முன், பிள்ளைகள் தோட்டத்தைச் சுற்றி நடந்து அளந்து தண்ணீர், சரிவு, இருட்டு வழி எல்லாவற்றையும் குறித்த படத்தைக் கையளிக்கட்டும்.

வரைபடம் வந்ததும் அதைப் பாடசாலையில் ஒட்டிவைத்து, பிள்ளைகள் சொல்லும் ஆட்சேபம் ஒவ்வொன்றுக்கும் எழுத்தில் பதில் கொடுக்கட்டும். முடியாது என்றால் ஏன் முடியாது என்றும் எழுதட்டும்.

கட்டி முடிந்தபின் சாவி இளைஞர் செயலாளரிடம் இருக்கட்டும். திறக்கும் நேரமும் மாதக் கணக்கும் சுவரில் தொங்கட்டும். பெரியவர்கள் கணக்கைப் பார்ப்போம், கதவைப் பூட்டமாட்டோம்.

அடுத்த மாதக் கமிட்டிக் கூட்டத்தில் இதை முதல் விடயமாக எடுங்கள். உங்கள் தோட்டத்தில் பூட்டிக் கிடக்கும் மண்டபம் இருந்தால் அதிலிருந்தே தொடங்குங்கள். கூட்டத்துக்கு வரும்போது வீட்டிலுள்ள மகனையும் மகளையும் கூட்டி வாருங்கள். பின்வரிசையில் நிற்க விடாமல் அவர்களை உட்கார வைத்து, முதலில் அவர்களைப் பேசச் சொல்லுங்கள்.