தலைக்காயத்தில் மண்டையோட்டு அறுவை சிகிச்சை: ஆய்வுகள் உணர்த்துவது என்ன?

கடுமையான தலைக்காயத்தில் மூளை வீங்கக்கூடும். மண்டையோடு விரிந்து கொடுக்காததால் உள்ளே அழுத்தம் உயர்ந்து, மூளைக்குச் செல்லும் இரத்த ஓட்டம் குறைகிறது. இந்நிலையில் மண்டையோட்டு எலும்பின் ஒரு பெரும் பகுதியை அகற்றி, வீங்கிய மூளைக்கு இடமளிக்கும் அறுவை சிகிச்சை செய்யப்படுவதுண்டு. ஒப்புதல் அளிக்க வேண்டிய குடும்பத்தினர் “உயிர் பிழைப்பாரா?” என்றே முதலில் கேட்கின்றனர். “பிழைத்தபின் எந்நிலையில் இருப்பார்?” என்பதும் அதே அளவு முக்கியமான கேள்வியாகும்.

எப்போது செய்வது?

2011-ஆம் ஆண்டு வெளியான ‘டெக்ரா’ ஆய்வில் 155 பேர் பங்கேற்றனர். அழுத்தம் 20 மி.மீ. பாதரச அளவைத் தாண்டிய தொடக்கக் கட்டத்திலேயே ஒரு குழுவினருக்கு அறுவை சிகிச்சை செய்யப்பட்டது. அழுத்தம் தணிந்தது, ஆனால் இறப்பு குறையவில்லை, நோயாளிகளின் நிலையும் மேம்படவில்லை.

2016-இல் வெளியான ‘ரெஸ்க்யூ ஐசிபி’ ஆய்வில் 408 பேர் சேர்க்கப்பட்டனர். பிற சிகிச்சைகளுக்குப் பின்னரும் அழுத்தம் 25 மி.மீ.-க்கு மேல் நீடித்தவர்களுக்கு, இறுதி வழியாக இந்த அறுவை சிகிச்சை அளிக்கப்பட்டது. ஆறு மாதங்களில், அறுவை சிகிச்சைக் குழுவில் 100 பேருக்கு ஏறத்தாழ 27 பேரும், மருந்து சிகிச்சைக் குழுவில் 49 பேரும் உயிரிழந்தனர்.

பிழைத்தவர்களின் நிலை

அதாவது, அறுவை சிகிச்சையால் 100 பேருக்கு 22 பேர் கூடுதலாகப் பிழைத்தனர். ஆறு மாத முடிவில், இந்த 22 பேரில் ஏறத்தாழ 6 பேர் விழித்திருந்தும் சுற்றுப்புறத்தை அறியாத நிலையிலும், 8 பேர் அன்றாடத் தேவைகளுக்குப் பிறரைச் சார்ந்த நிலையிலும் இருந்தனர். எஞ்சிய 8 பேர் குறைந்தது வீட்டிற்குள்ளாவது தம் தேவைகளைத் தாமே கவனித்துக்கொண்டனர்.

காலப்போக்கில் முன்னேற்றமும் காணப்பட்டது. ஓராண்டு முடிவில், வீட்டளவிலாவது தற்சார்புடன் இருந்தோர் அறுவை சிகிச்சைக் குழுவில் 45 விழுக்காடு. மருந்து சிகிச்சைக் குழுவில் 32 விழுக்காடு. எனவே, ஆறாம் மாத நிலையையே இறுதி நிலையாகக் கொள்ள வேண்டியதில்லை.

மருத்துவரிடம் கேட்க வேண்டியவை

• அழுத்தத்தைக் குறைக்க இதுவரை அளித்த சிகிச்சைகள் யாவை? வேறு வழிகள் உள்ளனவா?
• வயது, கண்மணிகளின் எதிர்வினை, ஸ்கேன் முடிவு ஆகியவற்றைக் கொண்டு என்ன எதிர்பார்க்கலாம்?
• அகற்றிய எலும்பிற்குப் பதிலாக எப்போது மூடி பொருத்தப்படும்? அதுவரை தலையை எவ்வாறு பாதுகாப்பது?
• இயன்முறை சிகிச்சையும் பேச்சுப் பயிற்சியும் எப்போது தொடங்கும்?

ஆய்வு எண்கள் பலரின் சராசரியே. தனி ஒருவரின் எதிர்காலத்தை அவை உறுதியாகச் சொல்லிவிடா. எனினும் இவ்விரு கேள்விகளையும் சேர்த்துக் கேட்கும் குடும்பம், தெளிவோடு முடிவெடுக்கவும் நெடுங்காலப் பராமரிப்புக்கு ஆயத்தமாகவும் இயலும். அவசர நிலையில் முடிவெடுக்கக் கிடைக்கும் நேரம் குறைவு. ஆகவே சிகிச்சை அளிக்கும் நரம்பியல் அறுவை மருத்துவரின் ஆலோசனையைத் தாமதமின்றிப் பெறுக.